அம்மா தொடாத செயலி: இனிப்புநீர்க்காரர்களுக்கு எதைச் செய்து கொடுப்பது?

சிப்புட்_மகன் | திங்கள், இரவு 9.42

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது டவுன் பக்கம் ஒரு மலிவு வீட்டுக்கு வந்துவிட்டார். இனிப்புநீர் (நீரிழிவு) வந்து 15 வருடம் ஆகிறது. இப்போது காலையும் இரவும் கலவை இன்சுலின் ஊசி.

நான் கோலாலம்பூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கென்றே ஒரு செயலி எழுதினேன், முழுக்கத் தமிழில். சர்க்கரை அளவைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோட்டுப்படம் வரும். காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் ஊசிக்கு மணி அடிக்கும். எண் அதிகமாக இருந்தால் என் கைப்பேசிக்கும் தகவல் வரும்.

மூன்று மாதத்தில் ஒன்பது பதிவுகள். அதில் ஐந்து, நான் ஊருக்குப் போயிருந்த நாட்களில் நானே தட்டியவை.

ஆனால் கிளினிக்கில் கொடுத்த குறிப்புப் புத்தகத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. 6.8, 7.1, 6.9, 7.0. எல்லாம் ஒரே பேனா. போன மாதம் எடுத்த எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 10.4. கணக்குப்படி மீட்டர் எண்கள் சராசரியாக 14 பக்கம் வர வேண்டும். மீட்டர் கெட்டுவிட்டதா, அம்மா பொய் எழுதுகிறாரா? கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. செயலியில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | திங்கள், இரவு 10.15

தம்பி, முதலில் அம்மாவைக் கூண்டில் ஏற்றாதீர்கள். வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்தால் காலை எண் ஓரளவு நன்றாக இருந்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவது தெரியாமலே போகும். ரத்தசோகை, தலசீமியா மாதிரி ஏதாவது இருந்தால் எச்பிஏ1சியே தடம் மாறிக் காட்டும், ஏனென்றால் அது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. ஆனாலும் 7க்கும் 14க்கும் நடுவே உள்ள தூரம் பெரிசு. மீட்டரில் பழைய எண்கள் தங்கியிருக்கும். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு என்பதைக் கவனியுங்கள்.

கோபி_பைட் | திங்கள், இரவு 10.31

அண்ணே, 2020க்குப் பிறகும் விரலில் குத்திக்கொண்டா? கையில் ஒட்டும் சென்சார் போட்டுவிடுங்கள். தானாக அளந்து தானாக அனுப்பும். அம்மா எதையும் தட்ட வேண்டியதில்லை, பிரச்சினை முடிந்தது.

மருந்துக்கடைக்காரன் | திங்கள், இரவு 11.04

கோபி தம்பி, பணம் யார் பை? ஒரு சென்சார் 14 நாள் வரும், விலை இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். வருடத்துக்கு 26 வேண்டும். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அது ரத்தத்தை நேராக அளப்பதும் இல்லை, தோலுக்கு அடியில் உள்ள நீரை அளக்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் என் கடைக்கு வரும் பாட்டிகளில் பாதிப் பேர் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பையே எண்ணி எண்ணி வாங்குகிறார்கள்.

மகனுக்கு ஒரு கேள்வி. செயலியில் எந்த அலகு?

சிப்புட்_மகன் | திங்கள், இரவு 11.10

இரண்டும் இருக்கிறது ஐயா. அமைப்பில் போய் மாற்றிக்கொள்ளலாம்.

மருந்துக்கடைக்காரன் | திங்கள், இரவு 11.32

அதைத் தூக்குங்கள். இன்றைக்கே.

காரணம் சொல்கிறேன். நம் நாட்டு மீட்டர், கிளினிக், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. நம் 1, அவர்களுக்கு 18. நம் அம்மாமார்கள் சர்க்கரை பற்றித் தமிழில் பார்க்கும் காணொளிகளில் முக்கால்வாசி சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருபவை. அங்கே டாக்டர் "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 140க்குள்ள இருந்தா நல்லது" என்கிறார். ஒரு அக்கா என்னிடம் வந்து பெருமையாக மீட்டரைக் காட்டினார்: 14.0. புள்ளி அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. "140தானே தம்பி, டாக்டர் சொன்ன மாதிரியே இருக்கு!" அவர்கள் கணக்கில் அது 252. எத்தனை மாதமாக அப்படி நினைத்துக்கொண்டு இருந்தாரோ.

தமிழில் எழுதிவிட்டால் நம் ஆட்களுக்குப் பொருந்திவிடும் என்று நினைக்கிறோம். மொழி ஒன்றுதான், மீட்டர் வேறு.

வெள்ளைத்தடி | செவ்வாய், காலை 6.20

எல்லோருக்கும் காலை வணக்கம். பசியாறியாச்சா?

நான் செம்பனைக் குலை லாரி ஓட்டியவன். இனிப்புநீர் 46 வயதில் கண்ணைக் கொண்டு போனது. இரண்டு கண்ணிலும் விழித்திரை கெட்டுவிட்டது. படம் எடுக்க வரச்சொல்லித் தேதி கொடுத்தார்கள், லாரி ஓட்டம் இருக்கிறது என்று இரண்டு தடவை போகாமல் விட்டது நான்தான். இப்போது ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்காரன். இதை எழுதுவதுகூடக் கைப்பேசி வாசித்துக்காட்ட, நான் பேச, அது எழுதுகிறது.

சிப்புட் மகனே, உங்கள் செயலியை எனக்கு அனுப்புங்கள், ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்கிறேன். எனக்கு வந்த சுகாதாரச் செயலிகளில் பாதி "பட்டன், பட்டன், பெயரில்லாத பட்டன்" என்றுதான் பேசுகின்றன. கோட்டுப்படம் என்றால் "படம்" என்று ஒரு சொல்லோடு முடிந்தது. பச்சை மஞ்சள் சிவப்பு பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை!

எண்ணை எப்படிச் சொல்வது என்பதிலும் கூத்து இருக்கிறது. தமிழ்க் குரல் "பத்து புள்ளி இரண்டு" என்று சுத்தமாகச் சொல்கிறது. கிளினிக்கில் அதே எண்ணை மலாயில் சொல்கிறார்கள். வீட்டில் என் பிள்ளைகள் "டென் பாயின்ட் டூ". எனக்கு எந்த எண்ணும் எந்த மொழியிலும் புரியும். ஆனால் சர்க்கரை இறங்கித் தலை கிறுகிறுக்கும் நேரத்தில் ஒன்றும் புரியாது. அந்த நேரத்தில் எனக்கு எண் வேண்டாம். "சீனித் தண்ணி குடி" என்று மட்டும் சொன்னால் போதும்.

இன்னொன்று. இன்சுலின் பேனாவைத் திருப்பினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு 'டிக்'. 16 யூனிட் என்றால் 16 டிக், விரலுக்கே தெரியும். கண் இல்லாதவனை நினைத்துச் செய்தார்களா தெரியாது, எனக்கு அது வரம். ஆனாலும் சத்தத்தை மட்டும் நம்பாதே என்று உள்ளே வரும் தாளில் போட்டிருக்கிறது. அதனால் மனைவி ஒரு தடவை பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் ஊசி.

கோபி_பைட் | செவ்வாய், மதியம் 1.15

சரி, விலை விஷயத்தில் தோற்றேன். ஆனால் கருவியே வேண்டாம் என்ற பக்கம் பேச்சு போகக் கூடாது.

அமெரிக்காவில் டானா லூயிஸ் என்ற பெண்ணுக்கு முதல் வகை நீரிழிவு. தூக்கத்தில் சர்க்கரை இறங்கும்போது சென்சார் கருவி எழுப்பும் சத்தத்தில் அவர் எழுவதே இல்லை. ஜான் காஸ்டிக் என்ற தந்தை தன் மகனின் சென்சார் எண்களை இணையத்துக்கு எடுக்க எழுதியிருந்த நிரலை வாங்கி, தனக்குச் சத்தமாக அடிக்கும் மணியைச் செய்துகொண்டார். அங்கே ஆரம்பித்தது, இன்சுலின் பம்பைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு வரை போனது. 2015இல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். அதற்கும் முன்னால், 1970 வாக்கில், ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர். அப்போது சர்க்கரை மீட்டர் டாக்டர்களுக்கு மட்டும்தான். மனைவி டாக்டர், அவர் பேரில் ஒன்று வாங்கி, தன் சர்க்கரையைத் தானே ஒரு நாளைக்குப் பல தடவை அளந்தார். நோயாளி வீட்டில் அளக்கலாம் என்று அவர் சொன்னதை மருத்துவ இதழ்கள் காதில் வாங்கவில்லை. மனுஷன் நாற்பதைத் தாண்டிய வயதில் மருத்துவக் கல்லூரிக்குப் போய் டாக்டரே ஆகிவிட்டார்.

நோயாளி கையில் கருவி வந்தபோதுதான் விஷயம் நகர்ந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | செவ்வாய், மதியம் 2.40

தம்பி கோபி, நல்ல உதாரணம். ஆனால் இரண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டார்கள். இங்கே மகன் அம்மாவுக்குச் செய்கிறார். அது வேறு.

சிப்புட்_மகன் | புதன், இரவு 8.55

நேற்று ஊருக்குப் போனேன். மிஸ்ஸி அக்கா சொன்ன மாதிரி கேட்டுவிட்டே மீட்டரைப் பார்த்தேன். 13.6, 15.1, 11.8. நான்கைந்து நாளுக்கு ஒரு தடவைதான் குத்தியிருக்கிறார். ஒரு நாள் 3.6 இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அப்புறம் அவரே சொன்னார். புத்தகத்தில் பெரிய எண் இருந்தால் "என்ன சாப்பிட்டீங்க, ஏன் சாப்பிட்டீங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். ஊசி அளவையும் கூட்டுவார்கள். அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் புத்தகத்தைப் பார்த்து, நல்ல எண் எது என்று தெரிந்துகொண்டு எழுதினாராம்.

செயலியை ஏன் தொடவில்லை என்றேன். "அது ஒனக்குப் போகுதே" என்றார்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | புதன், இரவு 9.30

எனக்கு ஆச்சரியம் இல்லை. கிளினிக்கில் தாதியாகப் பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட புத்தகங்களை வருடக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். திருத்தியிருக்கிறேன் என்ற சொல்லே வருகிறது பாருங்கள், பரீட்சைத் தாள் மாதிரி. ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. வெளியே வரிசை நிற்கும்போது நாங்களும் திட்டியிருக்கிறோம். ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் அம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர். அவர் கொண்டுவந்த பாலை வேறு ஒருவர் நிறுத்தார். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று வேறு ஒருவர் கருவியை விட்டுப் பார்த்தார். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) புத்தகத்தில் எழுதினார். சம்பளம் அந்த எண்ணில் இருந்தது. எண்ணை எழுதுபவன் கையில்தான் பிடி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த செயலியில் கிராணி நீங்கள்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை 3.6. எனக்குப் பயமாக இருப்பது அதுதான், 15 இல்லை. அன்று அம்மா எத்தனை மணிக்குப் பசியாறினார்?

சிப்புட்_மகன் | புதன், இரவு 9.41

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் சாப்பிடுவார். பத்து, பத்தரை ஆகும்.

(இப்போதுதான் உறைக்கிறது.)

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | புதன், இரவு 9.58

ஆமாம். உங்கள் செயலி 7 மணிக்கு மணி அடித்தது. அவர் பதிவைத்தான் போடவில்லை, மணிக்குக் கீழ்ப்படிந்து ஊசியைப் போட்டிருக்கிறார். அம்மா போடும் கலவை இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது. போட்டுவிட்டு மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு அம்மன் சன்னிதியில் நின்றால் இறங்கத்தான் செய்யும். ஊசி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை தம்பி, சோற்றைப் பார்க்கிறது.

மணியைத் தூக்குங்கள். சாப்பாட்டைக் கேட்கும் ஏதாவது வையுங்கள். 4க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனி தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஊசி அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள், அது டாக்டர் வேலை. அடுத்த தடவை புத்தகத்துக்குப் பதிலாக மீட்டரையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், கூட நீங்களும் போங்கள்.

மூத்த_மருமகள் | வியாழன், காலை 11.20

தலைப்பை விட்டு விலகுகிறேன் என்றால் மன்னிக்கவும். எங்கள் மாமனாருக்குச் சர்க்கரையில் வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கால் கொடுத்தார்கள், நல்ல கால்தான், ஷூவோடு போடுவது. வீட்டுக்குள் ஷூ போட மாட்டார். கோயிலில் போட முடியாது. குந்தி உட்கார்ந்து பழக்கப்பட்ட மனுஷன், அந்தக் காலில் குந்த வராது. இப்போது அது அலமாரி மேலே துணி போட்டு மூடி இருக்கிறது. "அவர் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கால்தான் அவரோடு ஒத்துழைக்கவில்லை என்று யார் எழுதுவது?

டயர்_பட்டறை | வியாழன், மதியம் 12.45

தங்கச்சி, விலகவே இல்லை. இதே தலைப்புதான்.

ஜெய்ப்பூர் கால் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968 வாக்கில் அங்கே உள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையில் பி.கே. சேத்தி என்ற எலும்பு டாக்டரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக்காரரும் சேர்ந்து செய்தது. சர்மா அதிகம் படித்தவர் இல்லை, சிற்ப வேலைக்காரர். ஆஸ்பத்திரியில் கொடுத்த மேல்நாட்டுக் காலை மாட்டியவர்கள் எல்லாம் உங்கள் மாமனார் மாதிரியே அதை மூலையில் போட்டுவிட்டார்கள். வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள், தரையில் சம்மணம் போடுபவர்கள். சர்மா டயருக்கு ரப்பர் கட்டும் பட்டறையைப் பார்த்துதான் யோசனை பிடித்தார் என்று சொல்வார்கள். அச்சில் ரப்பரை வைத்து வேகவைத்து, விரலோடு பாதம் மாதிரியே எடுத்தார்கள். ஷூ வேண்டாம். தண்ணீரில் இறங்கலாம், குந்தலாம்.

நான் இருபது வருடமாக டயருக்கு ரப்பர் கட்டுகிறவன். அம்மா அப்பா பால் வெட்டினார்கள். இதே பொருள் காலாக முடியும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு ரப்பர் என்றால் சம்பளச் சீட்டுதான்.

உங்கள் மாமனார் காலைச் செய்து கொடுத்த இடத்திலேயே திரும்பக் கேளுங்கள், வெறுங்காலோடு நடக்கிற மாதிரி பாதத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று. கேட்காவிட்டால் அலமாரி மேலேயேதான் இருக்கும்.

மருந்துக்கடைக்காரன் | வியாழன், இரவு 10.10

ஸ்ட்ரிப் செலவு பற்றி ஒரு யோசனை. தினம் காலையில் ஒன்று குத்தி வீணாக்குவதைவிட, வாரத்தில் ஒரு நாள் ஒரே சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு வாரம் ரொட்டி சானாய், அடுத்த வாரம் தோசை, அதற்கடுத்து சாதம். கெட்டிப்பால் தேத்தண்ணி ஒரு நாள், சீனி போடாத கொசோங் ஒரு நாள். எந்தச் சாப்பாடு தன்னை என்ன செய்கிறது என்று அவரே கண்டுபிடிப்பார். டாக்டர் சம்மதத்தோடு செய்யுங்கள், உடம்பு கிறுகிறுத்தால் கணக்குப் பார்க்காமல் உடனே குத்திப் பார்க்க வேண்டும்.

கோபி_பைட் | வியாழன், இரவு 10.22

இதை நான் ஏற்கிறேன். இரண்டு ஸ்ட்ரிப்பில் ஒரு பரிசோதனை. பெர்ன்ஸ்டீன் செய்ததும் இதுதானே.

சிப்புட்_மகன் | அடுத்த மாதம், ஞாயிறு, இரவு 7.30

இழையைத் தோண்டி எடுப்பதற்கு மன்னிக்கவும். என்ன ஆனது என்று தனிமடலில் சிலர் கேட்டார்கள்.

கோட்டுப்படம் போய்விட்டது. எனக்கு வரும் தகவலும் போய்விட்டது, அதைத் தூக்கும்போதுதான் கை வரவில்லை. செயலி என்று இப்போது சொல்வதற்கே ஒன்றும் இல்லை. திரையில் ஒரே ஒரு பெரிய பொத்தான், அதற்குப் பேரும் இருக்கிறது, வெள்ளைத்தடி அண்ணன் சோதித்துப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போது அதை அமுக்க வேண்டும். கூலிமில் இருக்கும் பெரியம்மாவின் குரல் வரும்: "என்னா, பசியாறப் போறியா? ஊசியப் போட்டுக்க. சோறு அரை மணி நேரத்துல ரெடியாவுமா?" பெரியம்மாவிடம் பதிவு செய்ய மூன்று தடவை ஆனது, முதல் இரண்டு தடவையும் சிரித்துவிட்டார். இரவிலும் இதேதான். கடிகாரம் எங்கேயும் இல்லை. பொத்தானை அமுக்க மறந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, அது ஓட்டைதான்.

எண் எதையும் கேட்பதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் புலனத்தில் குரல் அனுப்பலாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். மீட்டரைக் காட்டினோம். அன்று பார்த்த டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை பற்றித்தான் முதலில் கேட்டார், கோயிலுக்குப் போகும் நாளில் எப்போது ஊசி என்று எழுதிக் கொடுத்தார். யாரும் திட்டவில்லை. அம்மா வெளியே வந்ததும் அதைத்தான் சொன்னார், வேறு எதையும் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலை வந்தது. அப்படியே எழுதுகிறேன், அம்மாவிடம் கேட்டுவிட்டேன்:

"தம்பி, காலைல பன்னெண்டு புள்ளி நாலு. நேத்து கோயில்ல கேசரி குடுத்தாங்க, ரெண்டு தடவ வாங்குனேன். புஸ்தகத்துல எழுதல. ஒங்கிட்ட மட்டும் சொல்றேன்."

மூத்த_மருமகள் | ஞாயிறு, இரவு 7.52

மாமனார் காலுக்கு அடுத்த வாரம் அளவெடுக்க வரச்சொல்லி இருக்கிறார்கள். ஷூ இல்லாத பாதம் இருக்கிறதாம். டயர் அண்ணனுக்கு நன்றி.

வெள்ளைத்தடி | ஞாயிறு, இரவு 8.05

சிப்புட் மகனே, கேசரி எந்தக் கோயிலில்?